முப்பத்தொன்றாம் எண் பொத்தான்

வீட்டில் ஒரு ஆள் அதிகமாக இருந்தது.

நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அணைத் தண்ணீருக்குள் போன ஊரை, ஒரு வீடு விடாமல், ஒரு மரம் விடாமல், அருங்காட்சியகத்தில் இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் செய்து வைத்திருந்தார்கள். ஊரைக் காலி செய்த கடைசி நாள் ராத்திரியைக் காட்டியது அது. ஒவ்வொரு வாசலிலும் விரல் நகம் அளவு மனிதர்கள் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். பெட்டிக்கு முன்னால் எண் போட்ட பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டின் எண்ணை அழுத்தினால் அந்த வீட்டுக்குள் கடுகளவு விளக்கு எரியும். பக்கத்தில் தொங்கும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் அந்த வீட்டுக்காரரின் குரல் பேசும். அவள் முப்பத்தொன்றை அழுத்தினாள். மாடி ஜன்னல் மஞ்சளாக ஒளிர்ந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம் நின்றுகொண்டிருந்தது.

கீழே லாரியின் பின்பக்கம் இருந்தவர்களை எண்ணினாள். நாலு. அப்பா, அம்மா, அண்ணன், அவள். அந்த வீட்டில் அவ்வளவு பேர்தான். அப்படியென்றால் மாடியில் யார்?

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அரசாங்கக் கட்டடத்தில் ஒரு விஷயமாவது தப்பாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அவள் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக ஒரு சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறாள்: "சின்னச் சத்தம் கேட்டாக்கூட அழுத்துங்க." நடுநடுவே சத்தமே கொடுக்காமல் சும்மா இருப்பாள். அப்போதும் அழுத்துகிறவர்கள் உண்டு. தோற்றுப்போய்விடுவோமோ என்ற பயத்தில் அழுத்துவார்கள். அவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

போன வாரம் அந்த அறைக்கு ஒரு வயதான அம்மாள் வந்தாள். இரண்டு காதும் முக்கால்வாசி போயிருந்தன. டெஸ்ட் முடிந்து எழுந்திருக்கும்போது, "உங்க அப்பா குரல் அருங்காட்சியகத்துல கேக்குதே, போய்க் கேட்டியாம்மா?" என்றாள். ஒருகாலத்தில் அதே ஊராம். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி நாலு வருடம் படுக்கையில் கிடந்தவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டியவள் அவள். ஆஸ்பத்திரியில் வந்த பதவி உயர்வை அதற்காகவே வேண்டாம் என்றவள். குரல் பதிவு செய்ய ஆட்கள் வந்ததாக அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா, ரெண்டு வருஷம் முன்னாடி வந்து எடுத்துட்டுப் போனாங்க. நீ டியூட்டில இருந்தே," என்றான். "போகணும்னா செவ்வாய்க்கிழமை போ. கூட்டம் இருக்காது."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. அண்ணன் எப்போதுமே அப்படித்தான். அவன் பிள்ளைகள் இரண்டும் ஒரு ராத்திரிகூட அத்தை வீட்டில் தங்கியதில்லை. ஏன் என்று கேட்டால் பரீட்சை, சளி, ஏதாவது ஒன்று வரும். அவள் அதையெல்லாம் பெரிதுபடுத்தியதில்லை. ஆனால் அப்பாவின் குரலை ஊர் முழுக்கக் கேட்டிருக்க, தனக்கு மட்டும் காதும் காதும் வைத்தாற்போல மறைத்துவிட்டார்களே என்று ஒரு வாரமாக அவள் மனம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்போடுதான் இன்றைக்கு அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

கூடத்தின் மூலையில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூடத்தின் பொறுப்பாளர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி பின்னிய ஸ்வெட்டர்.

"முப்பத்தொண்ணாம் வீட்ல ஒரு பொம்மை ஜாஸ்தியா வெச்சிருக்கீங்க," என்றாள் அவள். "அது எங்க வீடு. நாங்க நாலு பேருதான்."

பொறுப்பாளர் ஊசியை வைத்துவிட்டுத் தடிமனான பதிவேட்டைப் புரட்டினாள். "இருக்காது மேடம். வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டு, எத்தனை பேரு, யாரு எங்க நின்னாங்கன்னு எழுதி, கையெழுத்து வாங்கித்தான் பொம்மையே செய்வோம். சும்மா அழகுக்குன்னு ஒண்ணுகூட வைக்க மாட்டோம்." விரலை ஒரு வரியில் நிறுத்தினாள். "முப்பத்தொண்ணு. ஆளுங்க நாலு. நாலுதான் வெச்சிருக்கோம். கையெழுத்துப் போட்டது உங்க அண்ணன்தானே?"

"ஆனா ஐஞ்சு இருக்கே."

"பெட்டிப் பக்கத்துல சங்கிலில பூதக்கண்ணாடி தொங்குது, பாருங்க. பதிவையும் கேளுங்க. அதை வெச்சுத்தான் எல்லாம் பண்ணினாங்க." அவள் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள். "உங்க அண்ணன் எங்க, இன்னிக்கு இன்னும் காணோம்? செவ்வாய்க்கிழமைன்னா தவறாம வந்துடுவாரு. வந்து அந்த ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருப்பாரு. சார், அது கேக்கறதுக்குத்தான், பேசறதுக்கில்லன்னு சொல்லிப் பாத்துட்டேன். சிரிச்சுக்குவாரு."

அண்ணனா? சினிமாவில்கூட அழாதவனா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா ஞாபகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோது அண்ணன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

பெட்டிக்குத் திரும்பும் வழியில் சுவரோரமாக இன்னொரு சின்னக் கண்ணாடிப் பேழை இருந்தது. கோடையில் அணை வற்றியபோது சேற்றிலிருந்து எடுத்த பொருள்கள். வளைந்த கரண்டி, கைப்பிடி போன இஸ்திரிப்பெட்டி, பாசி உலர்ந்த ஒரு பூட்டு. பூட்டின் கீழே அட்டை: 'வீட்டு எண் 31, முன்கதவு. பூட்டிய நிலையில் கிடைத்தது.' அதற்குப் பக்கத்தில் கறுப்புக் கயிறு கோத்த ஒரு சாவி. 'குடும்பத்தார் அளித்தது.'

அந்தக் கயிற்றை அவளுக்குத் தெரியும். அப்பாவின் கழுத்தில் அவள் பார்த்த நாளெல்லாம் கிடந்த கயிறு. குளிப்பாட்டும்போதுகூடக் கழற்ற விடமாட்டார். அவர் இறந்த அன்று சாவி எங்கே என்று அவள் தேடியபோது, ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான். கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. பொய் சொல்லிவிட்டு அதைக் கொண்டுவந்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறான். ஊரே பார்க்கலாம், அவள் மட்டும் தொடக்கூடாது.

முப்பத்தொன்றை அழுத்தி ரிசீவரை எடுத்தாள். கூடத்தில் ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. தரை மெழுகின் வாசனைக்கு அடியில், எங்கிருந்தென்று சொல்ல முடியாதபடி, வெகுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியின் வாடை லேசாக அடித்தது. வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்ட பஸ் ஒன்று உறுமிவிட்டுப் போனதும் ரிசீவருக்குள் ஒரு மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்டது. அந்த மூச்சை எங்கே கேட்டாலும் அவள் அடையாளம் சொல்லுவாள். நாலு வருடம் அதற்குக் காது கொடுத்துத்தான் அவள் தூங்கினாள்.

"மூணு நாள் டைம் கொடுத்திருந்தாங்க," என்றார் அப்பா. "தண்ணி ரெண்டாம் நாளே வந்துடுச்சு. கடைசி லாரி. நல்ல இருட்டு. சாமானை ஏத்தினேன். திருட்டுப் பயம் வேற, முன்கதவைப் பூட்டிட்டு ஏறினேன். பழக்கம். தண்ணிக்குள்ள போற வீட்டை எவன் திருடப் போறான்? ஆனா பூட்டினேன்."

இருமல். தண்ணீர் குடிக்கும் சத்தம்.

"லாரிக்குள்ள தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலும் இருக்குன்னு டிரைவர்கிட்ட சொன்னேன். விடிஞ்சப்பதான் பாத்தேன். நாலாவது, சுருட்டிக் கட்டின படுக்கை."

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். சங்கிலி கிணுங்கியது. லாரியின் பின்பக்கம் ஒரு ஆண். ஒரு பெண். அரை டிரவுசர் போட்ட ஒரு பையன். நாலாவதுக்கு முகம் இல்லை. கை இல்லை. இடுப்பில் கயிறு கட்டி நிமிர்த்தி வைத்த ஒரு துணி மூட்டை.

அப்பா எண்ணிய மாதிரியே அவளும் எண்ணியிருக்கிறாள்.

நாலு பேர் என்றது சரிதான். மூன்று பேர் லாரியில். ஒருத்தி மாடியில்.

"பாப்பா மாடில தூங்கிட்டிருந்தா," என்றார் அப்பா. "நாலு வயசு. அவ அம்மா என்கிட்ட இருக்கான்னு நினைச்சா, நான் அவகிட்ட இருக்கான்னு நினைச்சேன். படகு பிடிச்சுத் திரும்பிப் போனேன். கூரைக்கு மேல தண்ணி."

பாப்பா. அந்தச் சொல்லை அப்பா வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவளை வீட்டில் யாரும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. 'இங்க வா', 'இந்தா', 'சாப்பிட்டியா'. அவ்வளவுதான்.

ஆனால் நான் செத்துப்போகவில்லையே, என்று நினைத்தாள். யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் போகிறார். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"ஒன்பதாம் நாள் சாயந்தரம் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்னுச்சு. அதே பூப்போட்ட கவுன். தலை மட்டும் ஈரம். அவ அம்மா வீல்னு கத்தினா. ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க கஷ்டம், எங்களை யாரும் ஒண்ணும் கேக்கல. நான் பாத்தேன். கவுன்ல பொத்தான் எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்துச்சு."

அவளுடைய முதல் ஞாபகம் அந்தக் கத்தல்தான். ஈரத் தெரு, வரிசையாகக் கூடாரங்கள், அம்மாவின் கத்தல். சந்தோஷத்தில் கத்தினாள் என்று நாற்பத்திரண்டு வருடமாக நம்பியிருந்தாள்.

"பாப்பாவுக்கு இஸ்திரிப்பெட்டி பட்டு இடது கைல ஒரு தழும்பு. நான்தான் மருந்து போட்டேன், எனக்குத் தெரியாதா? இதுக்கு வலது கைல இருந்துச்சு. பாப்பா வலது கையால சாப்பிடுவா. இது இடது கை."

அவள் ரிசீவரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். இடது கை. பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்த வலது கையின் மணிக்கட்டுக்கு மேலே, இஸ்திரிப்பெட்டி முனையின் வடிவில், வெளிறிய தழும்பு.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த வருடம் எல்லா ஊழியர்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் இதயம் வலது பக்கம் இருந்தது. ஈரல் இடது பக்கம். பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு அப்படி இருக்குமாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவளுக்கு அங்கே 'எதிர்ப்பக்கம்' என்றுதான் பட்டப்பெயர். 'எதிர்ப்பக்கம் டீ குடிக்க வருதா?' அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

இப்போது நெஞ்சின் வலப்புறம் அது அடித்துக்கொண்டது.

"அனுப்பிடலாம்னேன். அவ அம்மா விடல. எதுவோ ஒண்ணு, அம்மான்னு கூப்பிட்டுச்சு, போதும்னா. வளத்தோம். நல்ல பிள்ளைதான். குறை சொல்ல முடியாது. இப்பக்கூட எனக்கு ஊட்டிவிடுது. வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். நாப்பது வருஷமா நான் ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல. அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிய வேண்டாம்."

சின்ன வயதில் தினமும் ராத்திரி அவள் அறை வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தன்னைக் கண்ணை இமை காப்பது போலக் காக்கிறார் என்று பெருமைப்பட்டிருக்கிறாள். சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்குக் காவலாக இல்லை. மற்றவர்களுக்குக் காவலாக, அவளிடமிருந்து. வீட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. அப்பா தடவித் தடவித்தான் சவரம் செய்வார். சிக்கனம் என்று நினைத்திருந்தாள். அண்ணன் பிள்ளைகளுக்கு வந்த சளியும் பரீட்சையும். எல்லாம். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வீடு முழுக்க வாயை மூடிக்கொண்டு, சோறு போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, அவளைப் பார்த்து நடுங்கியிருக்கிறது. ஊட்டிய ஒவ்வொரு கரண்டியும் நினைவுக்கு வந்தது. அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்க்காதது நினைவுக்கு வந்தது. அழுகைகூட வரவில்லை. செருப்பால் அடித்தது போல இருந்தது.

அப்பாவின் குரல் நின்றுவிட்டது. அவள் ரிசீவரை வைக்கவில்லை. வைக்கக் கை வரவில்லை.

பதிவு முடிந்த பிறகு வரும் வெறுமை. அவளுக்கு நன்றாகப் பழக்கமான இடம் அது. இரைச்சல் ஒரு மெல்லிய மணல்போல ஓடியது. அதற்கு அடியில் இன்னொன்று.

டொக்.

மரத்தில் விரல் மடக்கித் தட்டும் சத்தம். பெரியவர்கள் விரல் இல்லை.

டொக். டொக்.

பயத்தில் கேட்கிறது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா இருக்கும்போதும் அழுத்துகிறவர்களைப் போல. அதற்கு ஒரு வழி உண்டு. இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த ஒரே வழி. ரிசீவருக்குள் மெதுவாக, ஆஸ்பத்திரிக் குரலில், "கேக்குதா?" என்றாள். "கேட்டா அழுத்துங்க."

அவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது.

அணைந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு அவள் எதுவும் பேசாமல் இருந்தாள். பத்து வினாடி. இருபது. விளக்கு எரியவில்லை. "கேக்குதா?" என்று உதட்டளவில் கேட்டாள். எரிந்தது.

பயத்தில் அழுத்துகிறவர்கள் இவ்வளவு சரியாக அழுத்த மாட்டார்கள்.

"அவளுக்குக் காது ரொம்ப கூர்மை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணன். ஆபீஸ் பையோடு, வியர்த்த சட்டையோடு நின்றான். தலைமுடி படிய வாரியிருந்தான், ஏதோ விசேஷத்துக்கு வந்தவன் மாதிரி. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள். "எல்லாம் தெரிஞ்சுமா என்னைக் கூடப் பிறந்தவன்னு சொல்லிக்கிட்டு இருந்தே?"

"ஒன்பது வயசுலேர்ந்து தெரியும்." அவன் பையைக் கீழே வைத்தான். "அந்தச் சாவியைக் கொண்டுவந்து இங்க கொடுத்த அன்னிக்குத்தான் முதல்ல விளக்கு எரிஞ்சுது. அதுலேர்ந்து வாராவாரம் வர்றேன். நிறைய பேசுவா. இருட்டா இருக்காம். பூட்டைத் திறந்துவிடுன்னு கேட்டா."

"அண்ணா..."

"திறக்க முடியாதாம். இடத்தை மாத்திக்கத்தான் முடியுமாம். உன்னைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன். நானே கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கேப்பே. அதான் அந்த வயசான அம்மாவை உன்கிட்ட அனுப்பினேன்."

காது கேட்காத கிழவி. எந்தக் காதால் அப்பா குரலைக் கேட்டாள் என்று ஒரு வாரமாக அவள் யோசிக்கவே இல்லை. காது டெஸ்ட் எடுப்பவள்!

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. வெறுப்பும் இல்லை. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவனின் நிம்மதி இருந்தது. "நீ ஒண்ணும் பண்ணல," என்றான். "நீ நல்லாத்தான் இருந்தே."

இருந்தே.

மூடும் நேரத்து மணி அடித்தது. தூரத்துக் கூடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. பொறுப்பாளர் ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் சார், வழக்கம்போல," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அண்ணன் அவள் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கிக்கொண்டான். விரல் அவள் விரல்மேல் படாமல் வாங்கினான். வாயருகே வைத்துக்கொண்டு, அவள் வாழ்நாளில் கேட்டிராத ஒரு கனிவோடு பேசினான்.

"பாப்பா. அண்ணன் வந்திருக்கேன்மா. கூட்டிட்டு வந்துட்டேன்."

விளக்கு படபடவென்று எரிந்து எரிந்து அணைந்தது. சந்தோஷம்.

ஓடியிருக்க வேண்டும். பூதக்கண்ணாடி இப்போது இடது கையில் இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. விரல் நகம் அளவு உருவம் ஜன்னலில் இடது உள்ளங்கையைப் பதித்திருந்தது. தன்னுடைய வலது கை எப்போது கண்ணாடிப் பெட்டியின்மேல் போய்ப் பதிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி சில்லென்று இருந்தது. உள்பக்கம் ஈரம். பூதக்கண்ணாடிக்குள் அந்த முகம் பெரிதானது. நாலு வயது முகம் இல்லை. நாற்பத்தாறு வயது. அவளுடைய நெற்றி. அவளுடைய மூக்கு. வகிடு மட்டும் மறுபக்கம்.

அது சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டு. சேற்று வாடை. முன்பு லேசாக அடித்தது, இப்போது வாய்க்குள், தொண்டைக்குள். காலடியில் மெழுகுத் தரை இல்லை. மரப் பலகை. ஈரம். கை நீட்டினாள். சுவர். இன்னொரு சுவர். சின்ன அறை. மூலையில் ஒரு சின்னக் கட்டில். முன்னால் ஜன்னல்.

ஜன்னலுக்கு வெளியே தெரு. லாரி. லாரியில் மூன்று பேர், அசையாமல். ஒரு மூட்டை. அதற்கு அப்பால் வானத்தளவு கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் அண்ணனின் முகம், மலையளவு. பக்கத்தில் ஒரு பெண். அவளுடைய புடவை. அவளுடைய கைப்பை. அந்தப் பெண் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு. தலை மட்டும் ஈரமாக இருந்தது.

"போலாமா பாப்பா?" என்றான் அண்ணன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட இவளைப் பிடிக்காத அந்தக் கையால்.

"அண்ணா!" என்று இங்கிருந்து கத்தினாள். நெஞ்சு கிழியக் கத்தினாள். எவ்வளவு சத்தம் எந்தக் காதுக்கு எட்டும் என்று அவளுக்கு அத்துப்படி. இது எந்தக் காதுக்கும் எட்டாது. கீழே ஓடினாள். கதவை இழுத்தாள். வெளியே பூட்டு கதவில் இடித்தது. மேலே வந்தாள். சுவரைத் தடவினாள். ஒரு பொத்தான். அழுத்தினாள். அறை மஞ்சளானது.

வாசல் வரை போன அண்ணன் நின்றான். திரும்பினான். பார்த்துவிட்டான். நிச்சயமாகப் பார்த்துவிட்டான். நாலே எட்டில் பெட்டியருகே வந்து குனிந்தான். அவன் மூச்சு பட்டு வானம் மங்கியது. அவள் ஜன்னலில் இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

அவன் விரலை நீட்டி லாரியிலிருந்து எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூட்டையைத் தாண்டி விரல் ஜன்னலுக்கு வந்தது. நாலு. சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான்.

வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு கீழே, மாடிப்படியின் முதல் படியில், தண்ணீர் மெதுவாக ஏறுவது கேட்டது.

கேட்டால் அழுத்த வேண்டும். அவள் அழுத்தினாள்.